பக்கிரிசாமி வீடு பெருக்கினார்

கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், யார்டில் வந்து நிற்கிற ரயில் பெட்டிகளைக் கழுவுவதுதான் பக்கிரிசாமியின் வேலை. முதல் வகுப்புப் பெட்டிகளை அவர் கையில்தான் கொடுப்பார்கள். அவர் துடைத்துவிட்ட தேக்குப் பலகையில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொள்ளலாம் என்று யார்டில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலாயுதம் மற்றவர்களிடம் சொல்வதுண்டு. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில்.

அவர் குடியிருந்த வீடு வேறு மாதிரி இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஆட்களுக்குக் கட்டிய லயன் வீடுகளில் ஓர் அறையும், சமைக்கப் பின்னால் ஒரு குசினியும். மனைவி இராஜம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த அறையில் துடைப்பம் படவில்லை. பிள்ளைகளும் இல்லை. முதல் சில வாரம் லயனில் இருந்தவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அவரவர் பாடு அவரவருக்கு.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும்போது, இன்றைக்குக் குசினியையாவது கழுவிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வருவார். கதவைத் திறந்ததும் உள்ளே இருந்து ஒரு புழுக்க வாடை வரும். அதோடு அந்த நினைப்பு போய்விடும். சாப்பாட்டுக் கடையில் தின்றுவிட்டு வந்து, பாய் எங்கே கிடக்கிறதோ அங்கேயே படுத்துக்கொள்வார். இராஜம்மா கடைசியாகச் சோறு வடித்த பானை அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்தபடி இருந்தது. அதை எடுக்க அவருக்குக் கை வரவில்லை.

ஒரு தடவை மண்டோர் ஏதோ சொல்ல வீடு வரைக்கும் வந்தவர், வாசலோடு திரும்பிப் போய்விட்டார். மறுநாள் யார்டில் கேட்டார்.

“ஏம்பா, பெட்டியில ஒரு பொட்டு தூசி விடமாட்டே. வீட்டை அப்படிப் போட்டு வச்சிருக்கியே?”

“பெட்டியில ஆளு ஏறுது மண்டோரே. என் வீட்டுல யாரு ஏறப் போறா?”

வேலாயுதம் வாளியைக் காலால் நகர்த்திவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் மழை விட்டிருந்த சமயம், கிள்ளானிலிருந்து வந்த ரயிலில் இறங்கிய ஒரு தோட்டத்து ஆள் அவரைத் தேடி யார்டுக்கே வந்தான். ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தம்புசாமி சொல்லி அனுப்பியிருந்தான். தம்புசாமி இராஜம்மாவின் தம்பி.

“அவரு சம்சாரத்துக்கு இது மாசம். போன பிள்ளை தங்கல இல்லீங்களா, அதனால இங்கே பெரிய ஆஸ்பத்திரியில பார்க்கணுமாம். வெள்ளிக்கிழமை காலை வண்டியில வராங்க. பிரசவம் வரைக்கும் மச்சான் வீட்டுல தங்கிக்கிறோம்னு சொல்லச் சொன்னாரு.”

“வரட்டும், வரட்டும்,” என்றார் பக்கிரிசாமி. அந்த ஆள் போன பிறகுதான் வீடு இருக்கிற நிலை ஞாபகத்துக்கு வந்தது.

அன்று சாயங்காலம் துடைப்பத்தைக் கையில் எடுத்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூலையில் அரிசி டின்னில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. குசினித் தரையில் பாசி. சுவரெல்லாம் கரி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, யார்டில் கட்டுவது போலத் துண்டைத் தலையில் இறுகக் கட்டினார். பொதுக் குழாயிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வந்தார். பெட்டி கழுவுகிற மாதிரியே கூரையில் தொடங்கினார். ஒட்டடை, சுவர், சன்னல், அப்புறம் தரை. கை தானாக வேலை செய்தது. இராஜம்மாவின் பானையையும் எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். தேய்க்கும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே தேய்த்தார்.

பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணே, யாரு வரா?”

“மச்சினன் பொண்டாட்டி. புள்ளைத்தாச்சி.”

“அப்போ தரைக்குக் கொஞ்சம் சவுக்காரம் போடுங்க லா,” என்று தன் வீட்டிலிருந்து ஒரு கட்டியைக் கொண்டுவந்து தந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, பாசாரில் பூண்டும் சுறாக் கருவாடும் வாங்கி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். கிள்ளான் வண்டி வந்தது. கூடைகளோடும் கோழிகளோடும் ஆட்கள் இறங்கினார்கள். தம்புசாமி இல்லை. அடுத்த வண்டியையும் பார்த்தார். அதில் வந்த ரயில் கார்டுதான் அவரை அடையாளம் கண்டு கூப்பிட்டுச் சொன்னார். கிள்ளான் ஸ்டேஷனில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமையே தோட்டத்தில் பிரசவம் ஆகிவிட்டது, பெண் பிள்ளை, தாயும் சேயும் சுகம், அதனால் வரவில்லை.

“நல்லதாப் போச்சு,” என்றார் பக்கிரிசாமி. மனசாரத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தார். சன்னல் வழியாக வெளிச்சம் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. தம்புசாமி சம்சாரத்துக்காகச் சுவரோரம் பாய் விரித்துத் தலையணை வைத்திருந்தார். அழுக்கு வீட்டில் தனியாக இருந்தது அவருக்குப் பழகியிருந்தது. சுத்தமான வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. கருவாட்டைச் சீதாலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு, இருட்டும் வரை தண்டவாளத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரமே தூசி படிய ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் சீதாலெட்சுமியின் புருஷன் கன்னையா வந்தார். யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவருக்கு இரவு முறை போட்டிருந்தார்கள். வீட்டில் ஐந்து பிள்ளைகள். பகலில் கண்ணை மூட முடியவில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நேத்து தூக்கத்துல லிவரைத் தப்பான பக்கம் இழுக்கப் போயிட்டேன். நல்ல வேளை, பார்த்துட்டேன். நீங்க வேலைக்குப் போன பிறகு உங்க வீட்டுல கொஞ்சம் படுத்துக்கட்டுமா? இப்பதான் படுக்கிற மாதிரி இருக்குன்னு சீதா சொன்னா.”

“இதுக்கு என்ன கேள்வி? படுத்துக்க.”

மறுநாள் விடியலில் புறப்படும்போது பக்கிரிசாமி வாசலில் நின்றார். ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவன் இந்தத் தூசியிலா முகம் வைத்துப் படுப்பான்? திரும்பி வந்து பாய் போடுகிற இடத்தை மட்டும் பெருக்கிவிட்டுப் போனார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

இருவரும் பார்த்துக்கொள்வதே அபூர்வம். இவர் வருவதற்குள் அவர் எழுந்து போயிருப்பார். பாய் சுருட்டி வைத்திருக்கும். சில நாள் குசினியில் மூடி போட்ட கிண்ணத்தில் சீதாலெட்சுமியின் மீன் குழம்பு இருக்கும். குழம்பு இருக்கிறதே என்று பக்கிரிசாமி சோறு வடிப்பார். அடுத்தவர் கிண்ணத்தைக் கழுவாமல் திருப்பித் தர முடியாது. அதோடு தன் தட்டையும் பானையையும் கழுவி வைப்பார். பேச்சுத் துணை என்று ஒன்றும் கிடைத்துவிடவில்லை. சாயங்காலங்கள் முன்போலவேதான் நீண்டன. ஆனால் தலையணையில் ஒரு தலை அழுந்திய பள்ளம் இருக்கும். அதைத் தட்டிச் சரி செய்துவிட்டுத் தானும் படுப்பார்.

இப்படி ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது. பிறகு கன்னையாவைத் தெற்கே கிம்மாஸுக்கு மாற்றிவிட்டார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றிய பிறகு சீதாலெட்சுமி வந்து நின்றாள்.

“வரோம் அண்ணே. கடையில திங்காதீங்க. வயிறு கெட்டுடும்.”

“சரிம்மா. பிள்ளைங்களைப் பார்த்துக்க.”

கன்னையா இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பக்கிரிசாமிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடியலில் எழுந்து, வழக்கம்போலப் பாய் போடும் இடத்தைப் பெருக்கத் தொடங்கினார். பாதியில்தான் உறைத்தது, இன்றைக்குப் படுக்க யாரும் வரப்போவதில்லை என்று. குனிந்தபடியே நின்றார். வெளியே யார்டில் ஓர் எஞ்சின் கூவியது. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

கூட்டிய தூசியை அப்படியே விட்டுவிடலாமா என்று பார்த்தார். மனசு கேட்கவில்லை. முறத்தில் அள்ளி வெளியே கொட்டினார். திரும்பி வந்து, அந்தச் சின்ன அறையின் மறு பாதியையும் பெருக்கிவிட்டு, குசினிக்குப் போய்த் தனக்கு மட்டும் ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.