பூட்டிய வீட்டுக்குள் டூட்டி

போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குள்ளேயே நான் மாட்டிக்கொண்டேன். கதவில் வெளிப்பூட்டு. சாவி வீட்டுக்காரர் சட்டைப்பையில். அவரைக் காணோம். பஸ் வருகிற நேரம்...

பூட்டச் சொன்னது நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வீட்டில் இருந்தபடியே தைக்கிறவள். வீடு கிளியனூரில், கடை திண்டிவனத்தில். கடைக்காரர் துணியை வெட்டி, மூட்டை கட்டி, பஸ்ஸில் போடுவார். நான் தைத்துப் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புவேன். தலைக்கு மேலே நின்று விரட்ட ஆள் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் வீட்டில் இருக்கிறவள் வேலை செய்கிறாள் என்று யார் நம்புகிறார்கள்?

"சும்மாதான கீற சரோசா, அடுப்புல பால் கீது, பொங்காம பாத்துக்கோ."

"சும்மாதான கீற, கெரசின் ஊத்துறாங்களாம், என் டின்னையும் வரிசையில வையி."

மெஷினை மிதித்துக்கொண்டேதான் இருப்பேன். அது அவர்கள் கண்ணில் படாது. இதில் முதல் ஆள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா. பால் அவளுடையதுதான்.

அதனால் ஒரு வழி செய்தேன். தெரு எழுவதற்கு முன்னால் எழுவேன். தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, குளித்து, வெளியில் கட்டுகிற புடவையைக் கட்டுவேன். வீட்டுப் புடவையோடு உட்கார்ந்தால் எனக்கே வேலை ஓடாது. செருப்பை எடுத்து உள்ளே ஒளித்துவைப்பேன். வீட்டுக்காரர் வெளியே பூட்டிக்கொண்டு மாவு மில்லுக்குப் போவார். யாராவது கேட்டால், "அவ மொத பஸ்ஸுக்கே கடைக்குப் போயிட்டா" என்பார்.

தெருப்பக்க ஜன்னல் மூடியிருக்கும். பின்பக்க ஜன்னல் வெளிச்சம் போதும். சத்தம் கேட்காமல் இருக்க மெஷினுக்கு அடியில் கோணிப்பை மடித்துப் போட்டேன். காலடி கேட்டால் மிதிக்கிற காலை நிறுத்திவிடுவேன். மூச்சையும்தான்.

பத்து மணி பஸ்ஸுக்கு முன்னால் அவர் வந்து கதவைத் திறந்து, தைத்ததை வாங்கிப்போய்க் கண்டக்டரிடம் கொடுப்பார். ஒரு நாளும் தவறியதில்லை.

வெள்ளிக்கிழமைதான் தவறியது.

அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரே ஒரு ஜாக்கெட். கல்யாணப் பெண்ணுடையது. சாயங்காலம் பெண்ணழைப்பு. முதல் நாளே கடைக்காரர் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்: "பத்து மணி பஸ்ல வர்லன்னா இனிமே துணி வராதுன்னு சொல்லிடு."

கொக்கி தைத்து முடித்தேன். பேப்பரில் சுற்றினேன். கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மில் சத்தம் கேட்கவில்லை. கரண்ட் போயிருக்கும், சீக்கிரம் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டு நல்ல பூட்டு. நான் பார்த்து வாங்கியது.

தூரத்தில் ஹாரன். பாண்டியிலிருந்து திண்டிவனம் போகிற பஸ்.

பின் ஜன்னலுக்கு ஓடினேன். வெளியே அஞ்சலை அக்கா மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. யாருக்குப் பயந்து பூட்டிக்கொண்டேனோ, அவளைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். நாளைக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பது? கூப்பிடாவிட்டால்... நாளைக்குத் துணி இல்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை கிட்டத்தில்.

"யக்கா."

அவள் நிமிரவில்லை. காயைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரரு இன்னும் வர்லியா?"

பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"இன்னா மரமாட்டம் நின்னுக்கினு கீற? குடு ஜல்தி."

பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டினேன். வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி ஓடினாள். கனத்த உடம்பு. நான் அவள் ஓடிப் பார்த்ததில்லை.

பஸ் நின்ற சத்தம் கேட்டது. உடனே விசில். கிளம்புகிற சத்தம். அப்புறம் ஒரு பிரேக், டிரைவர் திட்டுகிற குரல். மறுபடியும் கிளம்பியது. ஏற்றினாளா இல்லையா? உள்ளே இருப்பவளுக்கு என்ன தெரியும்?

மூச்சு வாங்க வந்தாள்.

"குடுத்துட்டேன். நிக்காம போறான், நடு ரோட்ல போயி நின்னேன். என்னயப் பாத்து சாவு கிராக்கின்றான். இரு மவனே, நாளைக்கு இதே ரோட்லதான வருவ."

ஜன்னலை ஒட்டி நின்று கேட்டேன்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"மொத நாளே. நீ மெஷின் மிதிச்சா என் செவுத்துல தட்டுமுட்டு சாமானெல்லாம் ஆடுதுடி."

"ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கதவப் பூட்டிக்கினு உக்காந்து ஒருத்தி தைக்கிறான்னா, அவளுக்கு இன்னா அவசரமோன்னு உட்டுட்டேன். கோடி வீட்டுக்காரி டின்னத் தூக்கிக்கினு வந்தா. 'அவ திண்டிவனம் போயிட்டா'ன்னு நான்தான் தாட்டி உட்டேன்."

வீட்டுக்காரர் மத்தியானம் வந்தார். மில்லில் பெல்ட் அறுந்துபோய், முதலாளி வண்டியிலேயே அவரைத் திண்டிவனத்துக்கு இழுத்துப்போயிருக்கிறார். சாவியை யாரிடமும் கொடுத்துவிட முடியாது. கொடுத்தால் நான் உள்ளே இருப்பது தெரிந்துவிடுமே! அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சாயங்கால பஸ்ஸில் அடுத்த மூட்டை வந்தது. கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. மூட்டை வந்ததே போதும்.

வீட்டிலிருந்தே வேலை செய்கிற பெண்கள் இந்தப் பத்திரிகைக்கு எழுதி என்னைக் கேட்கிறீர்கள், காலையை எப்படி வைத்துக்கொள்வது என்று. சீக்கிரம் எழுங்கள். நல்ல புடவையாகக் கட்டுங்கள். கதவை மட்டும் பூட்டாதீர்கள்.

நான் இப்போது பூட்டுவதில்லை. அஞ்சலை அக்கா மல்லாட்டையை என் வாசலில் கொண்டுவந்து உரிக்கிறாள். யார் வந்தாலும், "அவ வேலையில கீறா, அப்பால வா" என்று திருப்பி அனுப்புகிறாள்.

அவள் பாலை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.