ரெண்டு கட்டைக்கும் ரெண்டரைக்கும் நடுவில்

பன்னீர் திராட்சை நசுங்கி ரெண்டு நாள் கிடந்தால் ஒரு புளிச்ச வாசனை வரும்... எங்கள் பேண்டு பிறந்தது அந்த வாசனைக்குள்தான்.

சுருளிப்பட்டியில் அப்பாவின் திராட்சை ஷெட். அறுப்பு இல்லாத நாட்களில் காலிப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வாசிப்போம். அருள் கிடார், என் தம்பி செந்தில் டிரம்ஸ், நான் பேஸ் கிடார். பொம்பளைப் பிள்ளை கிடாரைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று தெருவே பார்க்கும். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் பாட்டுக்குப் போவேன்.

போன ஞாயிறு தேனியில் அருளின் நிகழ்ச்சிக்குப் போய் வந்ததிலிருந்து மனசு அந்த ஷெட்டை விட்டு வர மாட்டேன் என்கிறது. அதான் எழுதுகிறேன்.

அருள் என்னோடு பள்ளியில் படித்தவன். சர்ச் பாடற்குழுவில் கிடார் பழகியவன். கல்யாண மேடைகளில் சினிமாப் பாட்டு வாசிக்கக் கூப்பிடுவார்கள், போவான். ஆனால் உயிரெல்லாம் சொந்த மெட்டில்தான்.

ஒரு திருவிழாவில் ஜெயமங்கலம் முத்தையா அண்ணன் நாயனம் ஊதியதைக் கேட்டுவிட்டு, ஆளைக் கையோடு ஷெட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். அண்ணனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எங்கள் ராக் சத்தத்தை முதல் நாள் கேட்டுவிட்டு, "என்ன தம்பி, செனை மாடு கத்துற மாதிரில்ல இருக்கு" என்றார். அப்புறம் அதே சத்தத்தின் மேலேயே ஏறி ஒரு ஊது ஊதினார் பாருங்கள்... எனக்குக் கை நின்றுவிட்டது.

சிக்கல் ஒன்றுதான். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம் இல்லையா? அவர் நாயனம் ரெண்டு கட்டையிலும் நிற்காது, ரெண்டரையிலும் நிற்காது. நடுவில் எங்கேயோ நிற்கும். மரத்தில் போட்ட துளையை நகர்த்தவா முடியும்? அதனால் நாங்கள்தான் கம்பியை இறக்கி அவரோடு சேர்ந்துகொள்வோம்.

அப்போதுதான் கொச்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. மூன்று பேண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஊர் ஊராக அனுப்புவார்கள். அருள் மூன்று வருடமாகக் காத்திருந்த வாய்ப்பு.

இனி நான் செய்த கூத்து. பாட்டு கனமாக இருக்கட்டும் என்று லேப்டாப்பில் வயலின், கோரஸ் எல்லாம் சேர்த்து வைத்தேன். எல்லாம் ஊர் உலகத்துச் சுருதியில். அந்த வாரம் முழுக்க அண்ணனுக்குக் கோயில் மேளம். அவர் இல்லாமலே லேப்டாப்போடு பழகிவிட்டோம். அவர் நேராகக் கொச்சிக்கு வந்தார்.

மதியம் சவுண்ட் செக். அண்ணன் ஊதினார்... நாயனமும் லேப்டாப்பும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. இன்றைக்கு அதை ஒரு பட்டனில் சரிசெய்யலாம். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அங்கிருந்த சவுண்ட் என்ஜினியர் அருளைத் தனியாக அழைத்தார். நல்ல மனிதர்தான். "அந்தச் சேட்டன் வேண்டா. நிங்கள் மூணு பேரு மாத்திரம் வாசிச்சா செலக்சன் உறப்பா, கட்டாயமா கிட்டும்."

அண்ணன் காதிலும் அது விழுந்துவிட்டது. நாயனத்தை உறைக்குள் வைக்க ஆரம்பித்தார். "சரியாத்தான் சொல்றாக தம்பி. நீங்க வாசிங்க. நான் அங்கன ஒக்காந்து கேக்குறேன்."

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நானும் அதைத்தான் சொன்னேன். "ஏலே அருளு, இருவது நிமிசம்தான. அண்ணே ஒண்ணும் நெனைக்க மாட்டாக. செலக்ட் ஆனதுக்கப்பறம் சேத்துக்கிருவம்."

அருள் நேராகப் போய் லேப்டாப் வயரைப் பிடுங்கினான்.

"அண்ணே, ஒரு சட்ஜம் புடிங்க."

"வேணாம் தம்பி..."

"புடிங்கண்ணே. நீங்க இல்லாம எனக்கு அந்தச் செலக்சன் என்னத்துக்கு?"

அண்ணன் ஊதினார். அருள் ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக இறக்கினான். நான் வாயை மூடிக்கொண்டு என் நாலு கம்பியையும் இறக்கினேன்.

கூட்டம் எழுந்து நின்று கொண்டாடியது என்று எழுத ஆசைதான்... அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதல் பாட்டில் செந்தில் பயத்தில் வேகத்தை ஏற்றிவிட்டான். கடைசிப் பாட்டில் கிடாரும் நாயனமும் கேள்வியும் பதிலுமாகப் பேசியபோது மட்டும் எனக்குப் புல்லரித்தது. நன்றாகக் கைதட்டினார்கள். மூன்று பேண்டில் நாங்கள் இல்லை.

குமுளி மலை இறங்கும்வரை அருளைத் திட்டிக்கொண்டே வந்தேன். "கெடச்சத வேணாம்னு வீசுற கிறுக்கன்" என்றேன். அவன் ஜன்னலோரமாகத் தூங்கிவிட்டான், படுபாவி.

அப்புறம் எனக்குக் கல்யாணம், வேலை. இப்போது பழனிசெட்டிபட்டியில் கணக்கு டீச்சர். அவனோ எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்காமல், அந்த ஷெட்டிலேயே பதிவு செய்து, பஸ்ஸில் கிடாரைச் சுமந்து ஊர் ஊராகப் போய் வாசித்தான். அண்ணனும் கூடவே போனார். பெங்களூர், டெல்லி, அப்புறம் கடல் தாண்டியும். பேட்டிகளில் அருள் பேசியதைவிட அண்ணனைப் பேசவிட்டதுதான் அதிகம். எனக்கு அவனை நினைத்தால் அத்தனை பெருமை!

நாலு வருடத்துக்கு முன் அண்ணனுக்கு இதய ஆபரேஷன். இனி ஊதவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு தேனி மண்டபத்தில், நிகழ்ச்சிக்கு முன்னால் எல்லாரும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முன்வரிசை நாற்காலியில், நான் பக்கத்தில். சென்னையிலிருந்து வந்திருந்த கீபோர்டுக்காரர், "நாயனமே இல்லையே சார், அப்புறம் ஏன் ரெண்டுக்கும் ரெண்டரைக்கும் நடுவில் இந்தச் சுருதி?" என்று அலுத்துக்கொண்டார்.

அண்ணனே எழுந்துவிட்டார். "அவுக கேக்குறது நெசந்தான தம்பி. வர்றவுக எல்லாம் செரமப்படுறாக. எனக்காக எதுக்கு? மாத்திக்கங்க."

அருள் தலையை நிமிர்த்தாமல் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னான்.

"திடீர்னு ஒரு நா நீங்க மேடைக்கு ஏறி வந்து ஊதுனா, அன்னிக்கு நாங்க என்ன செய்யிறதுண்ணே?"

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இருபது நிமிடம் அவரை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்று அன்றைக்குச் சொன்னவள் நான். அவர் ஊதி நாலு வருடம் ஆகிறது... அருள் இன்னும் அவரை விட்டுவிட்டு ஒரு பாட்டும் வாசிக்கவில்லை.