வாசற்படிக்கு விழுந்த அடி

பிறர் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலையில் சோறு ஊட்டுவதும் தூங்கவைப்பதும் சுலபம். ஒரு பிள்ளை திடீரென்று கையை ஓங்கினால், அதை எங்கே கற்றது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பிள்ளை வளர்த்த எல்லாரும் இந்த அவஸ்தையில் எனக்குக் கூட்டாளிகள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அறுபதுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார்கள்.

தட்டு

குமாருக்கு நாலு வயது. அவன் அம்மா கன்னியம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை. சொப்பு வைத்து விளையாடும்போது எப்போதும் குமார்தான் அப்பா. ஸ்டெல்லா என்கிற பெண் மண்சோறு போட்டால், ஒரு வாய் சாப்பிடுவதுபோல் பாவனை செய்வான். பிறகு தட்டைக் கூடத்தின் மறுகோடிக்கு வீசிவிட்டு, "இத்த மனுசன் துன்னுவானா?" என்று கத்துவான்.

மூன்றாவது தட்டும் நசுங்கிய அன்று கன்னியம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க வூட்டுக்காரரு அவ்ளோ தூரமெல்லாம் வீசமாட்டாருக்கா. எங்க வூட்ல செவுரு பக்கத்துலயே கீது."

நெற்றி

ஸ்டெல்லாவுக்கும் நாலு வயதுதான். அவள் அம்மா மேரி டீச்சர், பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் போய்வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா மரக்கரண்டியால் குமாரின் நெற்றியில் ஒன்று போட்டாள். கோலிகுண்டு அளவுக்கு வீங்கிவிட்டது.

நான் ஸ்டெல்லாவை அனுப்பிவிட்டால் டீச்சர் வேலையை விடவேண்டியதுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவருக்கு வேறு ஆள் கிடையாது. குமார் நின்றுவிட்டால் கன்னியம்மாவுக்கும் அதே கதி. சாயங்காலம் வந்த கன்னியம்மா இதையெல்லாம் யோசிக்கும் நிலையில் இல்லை. "இன்னாக்கா இது, நெத்தியா போண்டாவா? அந்தப் பொண்ணு இங்க இருந்தா எம்புள்ள வரமாட்டான். திங்கக்கெழம சாயங்காலம் நீயே ஒரு முடிவு சொல்லு."

விசாரணை

குமார் தட்டு வீசியதற்கு அவன் வீட்டில் காரணம் இருந்ததே. அதேபோல் ஸ்டெல்லா வீட்டிலும் யாரோ அடிக்கிறார்கள் என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர் ரோட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். காபி கொடுத்தார்கள். மூலையில் பிரம்பு இருக்கிறதா என்று கண்ணால் துழாவினேன். குடைதான் இருந்தது.

ஸ்டெல்லா ஒரு சொம்புத் தண்ணீரைத் தட்டிவிட்டாள். இதோ அடி விழப்போகிறது என்று நான் டம்ளரைக் கீழே வைத்தேன். டீச்சர் ஒரு துணியை எடுத்துக்கொடுத்துத் துடைக்கச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டு, பிள்ளையை அடிப்பீர்களா என்று கேட்டேவிட்டேன். ஸ்டெல்லாவின் அப்பா சிரித்தார். "எங்க வீட்ல கொசுவைக்கூட விசிறித்தான் அனுப்புவோம், அக்கா."

கண்டுபிடித்தது

திங்கட்கிழமை காலை, மூன்றாவது பிள்ளையான சுமதி வாசற்படி தடுக்கி விழுந்தாள். அப்போதுதான் தத்தி நடக்கப் பழகியவள், அலறினாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் ஸ்டெல்லா ஓடினாள். பாவாடை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டாள். குனிந்தாள். வாசற்படியைப் பளார் பளார் என்று அறைந்தாள். "எங்க கண்ணையா அடிச்சே? இனிமே அடிப்பியா? அடிப்பியா?" சுமதி அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

நானும் பார்த்தேன். அந்தச் செருகல், அந்தக் குனிதல், அந்தக் குரல், எல்லாம் என்னுடையவை. பிள்ளை விழுந்தால் தரையையும் கதவையும் கட்டில் காலையும் அடித்துக் காட்டித்தான் நான் அழுகையை நிறுத்துவேன். நீங்களும் அப்படித்தானே?

குமாரை ஏன் அடித்தாய் என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "அவன் என்னை இடிச்சான் பெரியம்மா. நீங்க சமையல்ல இருந்தீங்க, அதான் நானே அடிச்சேன்."

முடிவு

சாயங்காலம் கன்னியம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. ஸ்டெல்லாவை நிறுத்துவதானால் முதலில் என்னைத்தான் நிறுத்தவேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் குமாரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கப்போகிறாள் என்று நின்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உன்ன நிறுத்திட்டு நான் எங்கக்கா போவேன்? நாளைக்குக் காலைல ஆறு மணி டூட்டி. புள்ளைங்க இங்கயே கெடக்கட்டும், நீ கைய வெச்சுகினு சும்மா இரு."

புது வழக்கம்

மறுநாளே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னேன்: இனி யார் விழுந்தாலும் எதையும் அடிக்கக்கூடாது, வலிக்கிற இடத்தைத் தடவிக்கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் சுமதி மறுபடி விழுந்தாள். ஸ்டெல்லா ஓடிப்போய் உட்கார்ந்து, அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு வாசற்படியைத் தடவிக்கொடுத்தாள். என்னடி இது என்றேன். "பாவம் பெரியம்மா, தினம் தினம் நீங்க அடிச்சீங்களே, இதுக்குத்தான் ரொம்ப வலிக்கும்."

இப்போதெல்லாம் கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டால்கூட, பிள்ளைகள் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் அதைத் திட்டுகிறேன்.