சீனியில்லாத தட்டு

தோட்டத்து வாயிலில் காவலுக்கு நின்ற காளியண்ணன் என் தட்டிலிருந்த சீனிப் பொட்டலத்தை எடுத்துக் காவல் மேசைமேல் வைத்தான்.

"பூ, வெத்தில, சேலை போவலாம். திங்கிற சாமான் தோட்டத்து வேலியத் தாண்டாது. காட்டுல ஒளிஞ்சிருக்கறவனுக்குப் போயிருமாம்."

"நான் பொண்ணு வீட்டுக்குப் பரிசம் போடப் போறேன்யா. காட்டுக்கா போறேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ளே. போய்த்தான் பாரேன்."

"சீனி கெடக்குது, நடடா சன்னாசி," என்றாள் பின்னால் நின்ற என் அக்காள் வள்ளியம்மா.

இனிப்பில்லாமல் பரிசத் தட்டா, அபசகுனம் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். ஒரு மைல் தள்ளி, ஏழாம் கட்டைத் தோட்டத்தில், நவமணி வீட்டார் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். அது 1951, மலாயாக் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட வெள்ளைக்காரன் சாப்பாட்டுச் சாமானுக்குத் தடை போட்டிருந்த காலம். அடுத்த வாரம் போகலாம் என்றேன். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். எனக்கே நம்பிக்கையில்லாத காய்ச்சல். நவமணியைச் செகிஞ்சான் ஊரில் ஒரு லோரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் என் கல்யாணத்தை நிறுத்திவிட்டான் என்று மூன்று வருடம் சொல்லித் திரிந்தேன். கள்ளுக்கடையில் அதற்கு நல்ல மரியாதை இருந்தது. காளியண்ணன் பொட்டலத்தை எடுத்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நவமணியிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஒரு நாள், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பாசிர் பெனம்பாங் போகும் படகுக்காகக் கோலா சிலாங்கூர் துறையில் நின்றபோது அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை.

"என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன? சீனிக்காரர்தானே!"

எங்கள் தோட்டத்துப் பட்டப்பெயர் ஏழாம் கட்டை வரை போயிருந்தது.

"அன்னிக்கு அப்பா பொழுது சாயிற வரைக்கும் ரோட்டயே பாத்துக்கிட்டு நின்னாரு. எங்க வீட்லயே பங்கீட்டுல குடுத்த சீனி இருந்துச்சுலா. சும்மா வந்திருந்தா நாங்களே தட்டுல வச்சிருப்போம்."

"நான் வராதது சீனியால இல்லம்மா. பயம்."

"அதுவும் தெரியும்." சிரித்தாள். "வந்திருந்தா அந்தப் பயத்துக்குந்தான் நான் சோறு ஆக்கிப் போட்டிருக்கணும்."

நானும் சிரித்தேன். அவள் போட்ட கணக்குச் சரியாகத்தான் இருந்தது. படகு வந்தது. அவள் ஏறினாள். எனக்கும் அதே படகுதான். ஏறினேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. வேலை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டார். வாயிலில் காளியண்ணன் என் தூக்குப் போணியைத் திறந்து பார்த்தான். தண்ணீர் இருந்தது. போகச் சொன்னான். முன்னூறு ரப்பர் மரம் சீவினேன். பத்து மணிக்கு மழை பிடித்தது. பாதிப் பால் வீணானது.