சயோ பேசிய நாள்

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த ஹேமாவதியை முதலில் திகைக்க வைத்தது புகுந்த வீட்டின் அமைதிதான். பொதட்டூர்பேட்டையில் அவள் பிறந்த வீட்டுக் கூடத்திலேயே பவர்லூம் தறி ஓடும். விடிந்தால் ஆரம்பிக்கும் தடதட சத்தம், பொழுது சாய்ந்தால்தான் ஓயும். அதற்கு மேலே குரலை ஏற்றித்தான் சோறு கேட்க வேண்டும், சண்டை போட வேண்டும், ரகசியம்கூடச் சொல்ல வேண்டும். இங்கேயோ மாமியார் மனோரமா டி.வி.யைக்கூடத் தாழ்வாக வைத்துப் பார்ப்பவர். கணவன் நவீன்குமார் கேட்டதற்குப் பதில் சொல்வான். கேட்காததற்கு வாய் திறக்க மாட்டான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவான். குளிப்பான், காபி குடிப்பான், டி.வி.யில் மாட்டிய பிளேஸ்டேஷன் என்ற பழைய வீடியோ கேம் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். ஆடுவதெல்லாம் ஜப்பான்காரர்கள் செய்த ரோல் பிளேயிங் விளையாட்டுகள். நாலைந்து பேர் கூட்டமாக ஊர் ஊராகப் போவார்கள். வழியில் பூதமோ மிருகமோ எதிர்ப்படும். இவர்கள் ஒருமுறை அடித்தால் அது ஒருமுறை அடிக்கும். யாரை அடிக்க விடுவது, யாரைக் காப்பது, யாருக்கு மருந்து கொடுப்பது எல்லாம் ஆடுகிறவன் யோசித்துச் சொல்ல வேண்டும். சண்டை முடிந்ததும் அவர்களுக்குள் பேச்சு நடக்கும். கீழே ஆங்கிலத்தில் வரிகள் வரும். அந்த வரிகளைக் கண்டதுமே நவீன் பட்டனைத் தட்டித் தட்டித் தள்ளிவிடுவான்.

ஹேமாவுக்கு இது பொறுக்கவில்லை. அவள் அரக்கோணம் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். மலைக்கோயிலில் நடக்கிற கல்யாணங்களின் படங்கள் ஆயிரக்கணக்கில் அவளிடம் வந்து குவியும். தாலி கட்டும்போது ஓரமாக நின்று கண்ணைத் துடைக்கும் பெரியப்பாவை எந்தப் பக்கத்தில் வைத்தால் நெஞ்சில் தைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, அவங்க இன்னா பேசறாங்கன்னு படிக்காமலே தள்ளிகினு போறீங்களே. அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுது?"

"தெரியல."

"தெரியாமலா அதுக்காகச் சண்ட போடறீங்க?"

நவீன் திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் அவனிடம் சமையல், துணி, வேலை தவிர வேறொன்றைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல்.

"கத வேணும்னா சினிமா பாக்கலாம் ஹேமா. கையில இத எதுக்குப் புடிக்கணும்? தோத்து, மறுபடி தோத்து, எங்க அடிச்சா விழும்னு நாமளே கண்டுபுடிக்கறோம் பாரு, அதான் ஆட்டம். கம்பெனி லைன்ல எனக்கு யோசிக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது. மெஷின் தள்றத எடுத்து வைக்கணும், அவ்ளோதான். இதுல தப்பா யோசிச்சா செத்துருவோம். சரியா யோசிச்சா பொழச்சிக்குவோம்."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அந்த ஆசையிலேயே மறுநாளும் வம்புக்கு இழுத்தாள். கதையே இல்லாவிட்டால் அடிக்கிறவனும் அடிபடுகிறவனும் வெறும் பொம்மை என்றாள். கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சண்டை சப்பென்று இருந்தால் பாதியில் மூடி வைத்துவிடுவேன் என்றான் அவன். சோறு தின்னும்போதும் அந்தப் பேச்சு, கடைக்குப் போகும்போதும் அந்தப் பேச்சு. மனோரமா ஒன்றும் விளங்காமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். எதையோ பேசிக்கொள்கிறார்களே, அதுவே போதும் என்று அவர் விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமா கொல்லைப்புறத்திலிருந்து உள்ளே வந்தபோது டி.வி.யில் வரிகள் அசையாமல் நின்றிருந்தன. நவீன் தள்ளாமல் படித்துக்கொண்டிருந்தான். உதடு மெல்ல அசைந்தது. ஒரு சொல்லில் நின்றது, திரும்ப வரியின் தொடக்கத்துக்குப் போனது, மறுபடியும் அதே சொல்லில் நின்றது. அவள் கொலுசுச் சத்தம் கேட்டதும் சட்டென்று பட்டனைத் தட்டிவிட்டான்.

அவளுக்குப் புரிந்தது. திருவாலங்காட்டில் தமிழில் படித்துவிட்டு டிப்ளமோ முடித்தவன் அவன். மெஷினில் வரும் ஆங்கிலம் பழகிப் போனது. ராஜாவும் மந்திரியும் பேசும் ஆங்கிலம் அப்படியா? அவள் அதைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. மறுநாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்காகக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் போங்க. நான் படிச்சிக்கறேன்" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாள். அவள் சொன்ன தமிழில் கிழட்டு ராஜா பொதட்டூர்பேட்டை தறிமுதலாளி மாதிரி அதட்டினார். கதாநாயகன் ஹருடோ தன் அப்பாவை நைனா என்று கூப்பிட்டான். நவீன் சிரித்தான். பூண்டு உரிக்கிற சாக்கில் மனோரமாவும் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கதையில் சயோ என்று ஒருத்தி வருவாள். மணி வார்க்கிறவரின் மகள். ஊர் தீப்பற்றி எரிந்த நாளிலிருந்து அவளுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. கையில் ஒரு சின்ன மணி. சண்டையில் அவள் அதை அசைத்தால் மற்றவர்களின் காயம் ஆறும். ஊர் ஊராக எல்லாரும் அவளிடம் பேசினார்கள். அவள் மணியைத்தான் அசைத்தாள். இந்தப் பெண் என்றைக்குப் பேசுவாள், பேசினால் முதலில் என்ன சொல்வாள் என்று ஹேமாவுக்கு ஒரே ஏக்கம். ஸ்டுடியோவில் வேலை பார்க்கும்போதுகூட அந்த நினைப்பு வரும்.

"அவ பேசவே மாட்டாளோ இன்னமோ" என்பான் நவீன். "ஆனா அவ மணி இல்லாம ஒரு சண்டகூட ஜெயிக்க முடியாது."

"பேசுவா, பாருங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனியில் அவனை நைட் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். அவன் காலையில் வாசலேறும்போது அவள் ஸ்டுடியோவுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் திரும்பும்போது அவன் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருப்பான். ஆட்டத்தை விட மனமில்லாமல் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவன் தூங்கப்போகும் முன் சண்டையை முடித்து, பேச்சு தொடங்குகிற இடத்தில் அப்படியே நிறுத்தி வைப்பான். அவள் சாயங்காலம் அதைப் படித்து, தமிழில் சொல்லி, வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்புவாள். அவன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பான். கேட்டதும், "அடுத்த மலையில ஒருத்தன் கீறான், நாளைக்கு முடிக்கறேன்" என்று பதில் வரும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் அவள் அடுப்பு மூட்டுவாள்.

பிறகு ஒருநாள் அந்தப் பிசகு நடந்தது. ஆள் வராததால் அவனை அடுத்த ஷிஃப்டும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கண்ணெல்லாம் எரிய வீட்டுக்கு வந்தவன், ஹேமாவுக்கான பேச்சை எடுத்து வைத்துவிட்டுத் தூங்கலாமென்று ஆட உட்கார்ந்தான். மணிக்கூண்டைக் காக்கும் கல் பருந்தை அடித்து வீழ்த்தினான். அப்படியே கண் சொருகியது. கட்டைவிரல் மட்டும் பழக்கத்தில் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தது. விழித்தபோது கூட்டம் அடுத்த ஊர் வாசலில் நின்றது. அதுவரை போனதை ஆட்டம் தானாகவே சேமித்தும்விட்டது; தள்ளிய பேச்சுக்குத் திரும்ப முடியாது.

ஹேமா வந்து பார்த்தாள். சயோ ஒரு கடைக்காரியிடம் மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. சயோ முதன்முதலில் பேசிய இடம் யாரும் படிக்காமலே தாண்டிப் போய்விட்டது என்று விளங்கியதும் கண்ணில் நீர் முட்டியது. ஒரு பொம்மைக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, அடக்கவும் முடியவில்லை. அன்றைக்குக் குரல் எதுவும் அனுப்பவில்லை.

காலையில் வாசலில் நவீன் தயங்கி நின்றான். "தூங்கிட்டேன் ஹேமா. யூடியூப்ல அந்த எடம் கீது. யாரோ ஆடிப் போட்டுகிறாங்க. பாத்துக்கோயேன்."

"வேற யாரோ ஆடுனத நான் எதுக்குப் பாக்கணும்?"

"கததான் முக்கியம்னு சொன்னியே? அதுலயும் அதே கததான?"

ஹேமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வழியெல்லாம் அதுவே மனதில் உறுத்தியது. அதே சயோ, அதே வரிகள், அதே படம். ஆனால் அந்தச் சயோவை யாரோ ஒருவன் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். எரிந்த ஊரிலிருந்து நவீன் கூட்டிவந்தவள் இல்லை அவள். இதை எந்த வார்த்தையில் அவனிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் அவன் கட்சி ஜெயித்ததாகிவிடுமே என்றும் இருந்தது.

சில நாட்கள் அந்த வீடு பழையபடி அமைதியாகக் கிடந்தது. ஹேமா டி.வி.யைத் தொடவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊருக்குள் காவடிக் கூட்டம் நெரிந்ததால் கம்பெனி பஸ் வராது என்று நவீன் லீவு போட்டிருந்தான். ஆடியில் கல்யாணம் இல்லாததால் ஸ்டுடியோவிலும் வேலை இல்லை. தெருமுனையில் பம்பை அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் போனது. சாப்பிட்டு முடித்ததும் நவீன் அவளைக் கூப்பிட்டான்.

"இங்க வந்து உக்காரு."

டி.வி.யில் மணிக்கூண்டு நின்றது. உச்சியில் கல் பருந்து. கீழே ஹருடோவின் கூட்டம். சயோ கையில் மணியோடு, பேசாதவளாக.

"இது எப்படி?"

"முன்ன எப்பவோ சேவ் பண்ணி வச்சது ஒண்ணு கெடந்துச்சி. பாலம் ஒடையற எடத்துல. அங்கேருந்து மறுபடி ஆடிகினு வந்தேன்."

பாலம் உடைகிற இடம் எங்கே, இது எங்கே. அவன் நைட் ஷிஃப்டுக்கே போகாத காலத்துக் கதை அது. இத்தனை நாளாக அவன் கண் சிவந்திருந்ததற்குக் காரணம் இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தூங்கவே இல்லயா நீங்க?"

"தூங்குனேன், தூங்குனேன்" என்று கண்ட்ரோலரை அவள் மடியில் வைத்தான். "இத நீதான் அடிக்கணும். அடிச்சிட்டுக் கேளு."

"எனக்குத் தெரியாதுங்க."

"தோத்தா இன்னா? மறுபடி ஆடு."

தோற்றாள். சயோவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று எல்லாக் கவசத்தையும் அவளுக்கே போட்டாள். மற்றவர்கள் விழுந்தார்கள். மறுபடியும் ஆடினாள், மறுபடியும் அப்படியே விழுந்தார்கள். நவீன் கை பரபரத்தபோது தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான். எத்தனையாவது முறையோ, பருந்து பாயப்போகும் சமயத்தில் ஹேமா யோசித்தாள். சயோவைக் காத்துக்கொண்டே இருந்தால் அவள் மணி அசைக்க நேரமே கிடைக்காது. அடியை யாராவது ஒருவர் வாங்கியாக வேண்டும். ஹருடோவை முன்னால் நிறுத்தினாள். பருந்து அவனைக் கிழித்துப் போட்டது. உயிர் நூலிழையில் நின்றது. சயோ மணியை அசைத்தாள். அடுத்த முறை ஹருடோ அடித்த அடியில் கல் பருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது.

சண்டை ஓய்ந்து பேச்சு தொடங்கியது. கூண்டுக்கடியில் ஹருடோ சாய்ந்து கிடந்தான். சயோ அவனருகில் மண்டியிட்டாள். மணியைத் தரையில் வைத்தாள். வாய் திறந்தது. கீழே வரி வந்தது.

ஹேமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா சொல்றா?" என்றான் நவீன் மெதுவாக.

"வலிக்குதான்னு கேக்கறா."

அவ்வளவுதான் அந்த வரி. சமையலறையிலிருந்து மனோரமா எட்டிப் பார்த்தார். "பேசிச்சா அந்தப் பொண்ணு? இன்னா சொல்லிச்சி?"

"வலிக்குதான்னு கேட்டா அத்த."

"பாவம்" என்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நவீன், "யார் ஆடுனாலும் அவ அதத்தான் கேப்பா. எழுதி வச்சதுதான்" என்றான்.

"கேக்கட்டும். அவன அடி வாங்க வச்சது நான்தான?" என்றாள் ஹேமா. நவீன் அவள் தோளில் கையை வைத்தான். அம்மா பார்க்கிறாள் என்பதற்காக எடுக்கவும் இல்லை.

மழைக்காலத்தில் அவனுக்குப் பகல் ஷிஃப்ட் திரும்பக் கிடைத்தது. அந்த ஆட்டம் முடிந்து, வேறொரு ஆட்டம் வாங்கினார்கள். வழக்கு மட்டும் தீரவில்லை. சண்டைதான் உசத்தி என்று அவனும் கதைதான் என்று அவளும் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்; புது மருமகளைப் பார்க்க வந்துபோகும் சொந்தக்காரர்கள், ஏதோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்துச் சமாதானம் சொல்ல வருகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கண்ட்ரோலர் ஹேமாவின் கையில் இருந்தது. ஒரு படகோட்டி வந்து ஏதோ சொன்னான். அவள் தமிழில் சொல்ல வாயெடுத்தபோது நவீன், "இரு" என்றான். முன்னால் குனிந்துகொண்டான். உதடு அசைந்தது. ஒரு சொல்லில் நின்றது, தொடக்கத்துக்குப் போய்த் திரும்ப வந்தது, அந்தச் சொல்லைத் தாண்டியது. வரிகள் நிறைய இருந்தன. ஹேமா பட்டனை அழுத்தவே இல்லை. அவன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டு நவீன் நிமிர்ந்தான்.

"இவ்ளோ நேரம் படிச்சதுக்கு ஒண்ணுமே இல்லயே. படகு இல்லயாம், நாளைக்கு வரச் சொல்றான். சண்ட எப்ப வரும்?"

ஹேமா பக்கத்தில் இருந்த தலையணையை எடுத்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.