சத்தம் கேட்டால் காலியாகும் வீடுகள்

என் குரல் கொஞ்சம் பெரிசு. திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் நின்று நான் போன் பேசினால், எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். மதுரைக் கோர்ட்டில் பல வருஷமாக வழக்காடிப் பிழைக்கிறவள் நான். மெதுவாகப் பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஏறி மிதித்துவிட்டுப் போய்விடுவார். "கோர்ட்டுல கத்துனது போதாதுன்னு தோசைக்கல்லுகிட்டயும் ஆர்க்யூ பண்றியா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் குரலும் ஒன்றும் சின்னதில்லை.

இப்படிப்பட்ட என்னிடம்தான், டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே மலையில் இருக்கும் ஒரு பளியர் குடியிருப்பின் உரிமைக் கோரிக்கை வந்து சேர்ந்தது. அவர்கள் காலங்காலமாக அந்த மலையில் தேன் எடுத்து, கிழங்கு தோண்டி வாழ்கிறவர்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் மலையைச் சுற்றி ஒரு கோடு போட்டு, உள்ளே இருப்பதெல்லாம் அரசாங்கக் காடு என்றது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள், இருந்த இடத்திலேயே அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் கோடு போகவில்லை. சுதந்திர நாட்டின் ஒரு சட்டம் அவர்களைப் பழங்குடி என்று பட்டியலில் சேர்த்தது. இன்னொரு சட்டம் அவர்கள் கூடையில் இருந்த தேனைத் திருட்டுச் சொத்து என்றது. வெகுகாலம் கழித்துத்தான் வன உரிமைச் சட்டம் வந்தது. இந்த மக்களுக்கு வரலாற்றில் அநீதி நடந்திருக்கிறது என்று அந்தச் சட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. முதல் தடவை படித்தபோது நம்பாமல் அந்த வரியை மறுபடியும் படித்தேன். தப்பை ஒப்புக்கொள்கிற சட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒப்புக்கொண்ட கையோடு அது ஒன்றைக் கேட்கவும் செய்கிறது. நீண்டகாலமாக அந்தக் காட்டிலேயே குடியிருந்து, அதை நம்பித்தான் பிழைக்கிறோம் என்று காட்ட வேண்டும். அங்கேதான் இடித்தது. 'பலமுறை போய்ப் பார்த்தோம், வீடுகள் காலியாகத்தான் இருந்தன, ஆகவே அவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் அல்ல' என்று காட்டிலாகா ரேஞ்சர் ஆட்சேபம் கொடுத்திருந்தார். அந்த ஆட்சேபம் செல்லுபடியானால் குடியிருப்பும் போகும், தேன் பாறைகளும் போகும்.

கோட்டாட்சியர் முன்னால் முதல் விசாரணை. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டமே மலையிலிருந்து இறங்கி வந்திருந்தது. எல்லோர் சார்பிலும் பேச, கிராம சபை ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தது. என் வயசுதான் இருக்கும். "யாரு கத்துனாலும் விடக்கூடாதும்மா. நாங்க இங்கதான் இருக்கோம்னு ஓங்கிச் சொல்லணும்" என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினாள்.

ரேஞ்சர் எழுந்தார். "பொய் சொல்றாங்க சார்! நான் போனப்ப அங்க ஒரு ஈ காக்கா இல்ல!" என்று மேஜையைத் தட்டினார். நான் வாயெடுப்பதற்குள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் நகரும் சத்தம். திரும்பினேன். எல்லோரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். கோபமில்லை, அழுகையில்லை. மழை வந்தால் நாம் வீட்டுக்குள் போவோமே, அந்த மாதிரி.

"பாத்தீங்களா சார், பதில் இல்ல, கெளம்பிட்டாங்க" என்றார் ரேஞ்சர். மனுதாரர்கள் பதில் கூறாமல் வெளியேறினார்கள் என்று பதிவு செய்யச் சொன்னார் கோட்டாட்சியர். இன்னொரு தேதி கொடுத்தார். அன்றும் இப்படி நடந்தால் தள்ளுபடி செய்வதைத் தவிர வழியில்லை என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பிடித்துவிட்டேன். "ஒங்களுக்காகத்தான இம்புட்டுப் பாடுபடுறேன்? பேச வேண்டிய எடத்துல வாயில என்ன கொழுக்கட்டையா?" டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி, "நீங்க கோவமா இருக்கீக. நாங்க பெறகு வாரோம்மா" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் கூட்டம் ரோட்டில் இறங்கி நடந்தது. அவர்களுக்காக வாதாட வந்த என்னையே ரேஞ்சரோடு சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் வழிநெடுக அழுகையும் கோபமும் மாறி மாறி வந்தன. திருமங்கலம் நெருங்கியபோதுதான் மண்டையில் உறைத்தது. முன்பு ஒருநாள் நான் மலைக்குப் போயிருந்தபோது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் ஏதோ உரசல். எங்கள் தெருவாக இருந்தால் பத்து வீட்டுக்காரர்கள் கூடி, ஆளுக்கொரு கட்சி பிரிந்திருப்போம். அங்கே தம்பிக்காரன் மனைவியோடு ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு மேலே பாறைப்பக்கம் போய்விட்டான். யாரும் தடுக்கவில்லை. கோபம் தணிந்தால் வந்துவிடுவான் என்றார்கள். அப்படியே வந்தும் விட்டான். முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசுவது அவர்களுக்கு வெட்கக்கேடு. சண்டை வரும் இடத்தை விட்டு விலகுவதுதான் அங்கே மரியாதை.

அப்படியானால் ரேஞ்சர் போனபோதெல்லாம் வீடுகள் ஏன் காலியாக இருந்தன? அதட்டிக்கொண்டே ஏறியிருப்பார். அவர்கள் எழுந்து போயிருப்பார்கள். அவர் பார்த்த காலி வீடு, அவர் சத்தத்தால் காலியான வீடு. எனக்குச் சட்டத்தின் மேலேயே எரிச்சல் வந்தது. ஆட்சேபி, மறுத்துப் பேசு, மேல்முறையீடு செய் என்று எல்லாமே என்னைப் போன்ற சண்டைக்காரிகளுக்காக எழுதியதாகத் தெரிந்தது. உரிமை வேண்டுமானால் முதலில் எங்களைப் போல் ஆகு என்று சொல்வது என்ன நியாயம்? அதைத்தானே நானும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

மறுபடி மலைக்குப் போனேன். யாரும் பழைய பேச்சை எடுக்கவில்லை. அந்தப் பெண் என் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு கிழங்கு அவித்துக் கொடுத்தாள்.

அடுத்த விசாரணையில் ரேஞ்சர் குரல் ஏறியதும் என் குரலும் தானாக ஏறியது. பழக்கம் லேசில் விடுமா? பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டு தண்ணீர் குடித்தேன். அதன்பிறகு பேசியதைப் போல அவ்வளவு மெதுவாக என் ஆயுளில் நான் பேசியதில்லை. கோட்டாட்சியர் மின்விசிறியை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். "சார், இவங்க சண்டைன்னா ஒதுங்கிப் போவாங்க. சண்டை முடிஞ்சா வீட்டுக்கு வந்துருவாங்க. ஒதுங்குனதை வச்சு உரிமை இல்லைன்னு சொல்லக் கூடாது. யாரும் அதட்டாம ஒருநாள் நீங்களே போயிப் பாருங்க" என்றேன். நாற்காலிகள் நகரவில்லை.

கோட்டாட்சியர் மலைக்குப் போனார். ஜீப்பை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறினாராம். எரியும் அடுப்புகளைப் பார்த்தார். அவர்கள் கும்பிடும் கல்லையும், இறந்தவர்களைப் புதைத்த இடங்களையும் அந்தப் பெண்ணே கூட்டிப்போய்க் காட்டினாள். கோரிக்கை நியாயம் என்று மேலே எழுதினார். மாவட்டக் குழுவும் ஏற்றுக்கொண்டது.

சேதி தெரிந்த மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். மலையில் போன் எடுக்காது. சந்தோஷம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. கடைசி ஏற்றத்திலிருந்தே, "கெடச்சிருச்சு! எல்லாம் கெடச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

போய்ப் பார்த்தால் ஒரு ஆள் இல்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பாதி உரித்த கிழங்கு ஒன்று மண்ணில் கிடந்தது. என் சத்தம்தான். எங்கோ புதருக்குப் பின்னாலிருந்து அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. இது அவர்களுடைய மரியாதையா, இல்லை தலைமுறை தலைமுறையாக விரட்டியதில் ஊறிப்போன பயமா? இரண்டையும் யாரால் பிரிக்க முடியும்? ஒரு கல்லில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

வெயில் ஏறிய பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். "நீங்களாம்மா? சத்தம் கேட்டுச்சு, ரேஞ்சரு ஆளுகன்னு நெனச்சோம்" என்றாள் அந்தப் பெண். நான் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். வீடுகள், பாறைகள், தேன், கிழங்கு எல்லாவற்றுக்கும் உரிமை வந்துவிட்டது என்றேன். அவள் அடுப்பருகே குந்தி, உலையைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப இனிமே சத்தம் கேட்டா நாங்க எந்திரிச்சுப் போக வேணாமாம்மா?"

"வேணாம்" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.