குதிரைக்கு மெடிக்கல்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றும் குழப்பம்தான். பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்தேன். புதிதாகக் கல்யாணமானவன். மனைவியின் அண்ணன் வடலூரில் ஜட்கா குதிரை வண்டி ஓட்டினார். அந்த வருடம் தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நெய்வேலி நகரியத்தில் குதிரைப் பிரியர்கள் சிலர் நெடுந்தூரச் சவாரிப் போட்டி வைத்தார்கள். நகரியத்திலிருந்து வடலூர் போய்த் திரும்ப வேண்டும். வேகம் மட்டும் போதாது, குதிரை நொண்டாமல் வந்து சேர வேண்டும்.

பெயர் கொடுத்திருந்த மச்சானுக்கு முதல் நாள் கால் சுளுக்கிவிட்டது.

“மாப்ள, நீதான் ஒல்லி. கோணிப்பையப் போட்டு மேல குந்திக்கினு போ. மத்தத அது பாத்துக்கும்” என்றார்.

குளத்துக்குக் குளிப்பாட்ட ஓட்டிப் போனதைத் தவிர நான் குதிரை ஏறியதே இல்லை. மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம். என் மனைவி தனியாகக் கூப்பிட்டு, “எங்கண்ணன் வூட்ல அடுப்பு எரியறதே அந்தக் குதிரையாலதான். அது நொண்டிக்கினு வந்துச்சுன்னா எங்கம்மா வூட்டுப் பக்கம் நாம தலகாட்ட முடியாதுங்க” என்றாள்.

கிளம்பும் முன் விதிகளைச் சொன்னார்களாம். கூட்டத்துக்குப் பயந்து பின்னால் நின்ற என் காதில் ஒன்றும் விழவில்லை. பூட்ஸும் தொப்பியும் போட்டவர்கள் சிட்டாய்ப் பறந்தார்கள். எங்கள் குதிரை சவாரி ஏற்றிய ஜட்கா போலவே குலுங்கிக் குலுங்கி ஓடியது.

வடலூரில் நிறுத்தினார்கள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஒரு டாக்டர் வந்தார். “ஃபிட்டா இருக்கான்னு பாக்கணும்” என்றார்.

எங்களைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒன்றுதான். பர்மனென்ட் ஆக்கும் முன் மெடிக்கல் என்று கூப்பிட்டு அப்படித்தான் பார்ப்பார்கள். நான் சட்டென்று சட்டையைக் கழற்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, நாக்கையும் நீட்டி நின்றேன்.

“யோவ், ஒனக்கு இல்லய்யா, குதிரைக்கு!” என்றார் டாக்டர்.

“ரெண்டு பேரையும் பர்மனென்ட் பண்ணிடுங்க சார்!” என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுக்க, ஊரே சிரித்தது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் குதிரையின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். துடிப்பு அதிகம், அடங்கினால்தான் விடுவேன் என்றார். அப்படியே ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் குதிரையை விட்டு எங்கே ஓடுவது? யார் முகத்தையும் பார்க்காமல், கையிலிருந்த சட்டையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, அதன் கழுத்தையும் காலையும் துடைத்துக்கொண்டே இருந்தேன். மறுபடி கேட்ட டாக்டர், “ம்… கெளம்பு” என்றார்.

திரும்பும்போது கோணிப்பை உரசி என் தொடை புண்ணாகிவிட்டது. உட்கார முடியவில்லை. பாதி வழியில் இறங்கி, ஈரச் சட்டையோடு குதிரைக்குப் பக்கத்திலேயே ஓடினேன். வழியில் இரண்டு பூட்ஸ்காரர்கள் நொண்டும் குதிரைகளோடு ஓரமாக நின்றிருந்தார்கள்.

வந்து சேர்ந்தவர்களில் நான்தான் கடைசி. என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து குதிரையின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மச்சான் அதை நடக்க விட்டுப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க ஏங்க நொண்டிக்கினு வரீங்க?”

அன்றைக்கு அவளோடு சேர்ந்து நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஊரே சிரித்த பிறகும் அந்த இடத்திலேயே நின்று கையிலிருக்கும் வேலையை முடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்; அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

மாசி மாதம் முதல் தேதி.